ஆங்கிலம் அறியாமைச் சான்று

ஏற்காட்டில் ஆங்கிலம் போதிய அளவில் இல்லை என்பது 1986ஆம் ஆண்டு மே மாதம் அரசின் மேலான கவனத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் கோடையைக் கழிக்க வந்திருந்த ஓர் உயர் அதிகாரி. ஏரிக்கரையில் சுட்ட சோளம் என்ன விலை என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். சோளக்காரர் தமிழில் பதில் சொல்லிவிட்டார்.

இரண்டே மாதத்தில் 'சேர்வராயன் மலைப்பகுதி ஆங்கில போதனா மேம்பாட்டுத் தனி மையம்' திறக்கப்பட்டது. பஸ் நிலையத்துக்கு மேலே, மாதா கோயில் மேட்டில் காலியாகக் கிடந்த ஒரு காபிக் கிடங்கு அதற்கு ஒதுக்கப்பட்டது. தனி அலுவலராக வந்த தேவசிகாமணி அதுவரை மீன்வளத் துறையில் இருந்தவர். மீனுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அரசுப் பணி விதிகளைப் படிக்காதவர்கள்.

பயிற்சிக்கு நாற்பது ஆசிரியர்கள் தேர்வானார்கள். அவர்களில் ஒருவர் சாந்தாமேரி. தலைச்சோலைப் பள்ளியில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூனிலும் அவரை நியமிப்பார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் விடுவிப்பார்கள். மே மாதத்தில் அவர் யார் என்பது அரசுக்குத் தெரியாது. இந்தப் பயிற்சியில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் அடுத்த ஜூனில் கூப்பிட மாட்டார்கள்.

முதல் மாதம் முழுக்க மொழியியல். நாக்கு எந்த ஒலிக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு கைக்கண்ணாடி வழங்கப்பட்டது. சேலத்துப் பல் டாக்டர் ஒருவரிடமிருந்து பிளாஸ்டர் தாடை ஒன்று இரவல் வந்தது. காலைப் பனியில் நாற்பது பேரும் ஏரியைச் சுற்றி நின்று, வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்குள் ஏதோ பல் நோய் வந்திருப்பதாக முதல் வாரம் பேச்சு. இரண்டாம் வாரம் அது நாகரிகமாகிவிட்டது. எஸ்டேட் ரைட்டர்கள் சட்டைப் பையில் கண்ணாடி வைத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சீர்வரிசைத் தட்டில் ஒன்று வைத்ததாகவும் கேள்வி.

இரண்டாம் மாதம் பயிற்சி வகுப்பு. விதி ஏழின்படி, ஒவ்வொரு ஆசிரியரும் 'ஆங்கிலம் அறவே அறியாத ஒருவருக்கு' இருபது வகுப்புகள் நடத்த வேண்டும். அறியாதவர் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும்.

அந்தப் பதவியில் இருந்த அங்கப்பன் நேர்மையானவர். மையத்துக்கே வந்துவிட்டார்.

"சார், ஒருத்தருக்கும் சான்று குடுக்க முடியாதுங்க. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் பஸ் தெரியுது, எஸ்டேட் தெரியுது, லீவு தெரியுது. லீவுங்கறது கைக்கொழந்தைக்கே தெரியுதுங்க."

தேவசிகாமணி மூன்று நாள் ஆராய்ந்து தெளிவுரை ஒன்று வெளியிட்டார். பஸ், எஸ்டேட், லீவு உள்ளிட்ட நாற்பத்தேழு சொற்கள் நீண்டகால ஆக்கிரமிப்பில் இருப்பதால், அவை தமிழுக்கே பட்டா செய்யப்படுகின்றன என்றது அது. அங்கப்பன் மனச்சாட்சி தெளிந்து சான்று எழுதத் தொடங்கினார்.

சாந்தாமேரிக்கு மாணவியாக ஒதுக்கப்பட்டவர் ஜமீலா. பஸ் நிலையத்தருகே கணவர் அப்துல் ரஹீமுடன் மிளகு, காபித்தூள், தைலம் விற்பவர். சுற்றுலா வருகிறவர்கள் கேட்பதற்கு விரலைக் காட்டியே பதில் சொல்லிச் சலித்துப்போனவர். ஆகவே மனம் வைத்துப் படித்தார். சாந்தாமேரியும் மனம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆபத்து இப்படித்தான் ஆரம்பித்தது.

நான்காவது வகுப்பைத் தேவசிகாமணி பார்வையிட வந்தார். ஜமீலா எழுந்து நின்று, ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி, மழையாக இருக்கிறதே, ஐயா குடை கொண்டுவந்தாரா என்று ஆங்கிலத்திலேயே விசாரித்தார்.

தனி அலுவலரின் முகம் மாறிவிட்டது.

"இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"நான் கத்துக்கொடுத்தேன், சார்."

"அதைக் கேக்கலை. தெரியுமா, தெரியாதா?"

"இப்போ கொஞ்சம் தெரியும், சார்."

"தெரிஞ்சவங்களுக்கு வகுப்பு எடுத்தா விதி ஏழு என்னம்மா ஆகறது? இன்னைக்கு எடுத்தது செல்லாது."

"கத்துக்கிட்டா செல்லாதுன்னா, இருபது வகுப்பு எப்படி சார் எடுக்கறது?"

"மத்தவங்க எடுக்கலையா? கரடியூர் சென்றாயன் பதினேழாவது வகுப்புல இருக்கார். அவரோட மாணவருக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வரலை. அது பயிற்சி. நீங்க அவசரப்பட்டுட்டீங்க. புதுசா அறியாமைச் சான்று வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா உங்க பேரை எடுத்துடறேன்."

சாந்தாமேரி நேராகக் கடைக்குப் போனார். விஷயத்தைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. ஜமீலா மிளகு அளப்பதை நிறுத்தவில்லை.

"இதுக்கா டீச்சர் அழுவறீங்க? நான் இனி வாயே தொறக்கமாட்டனுங்க. போதுமுங்களா?"

"அங்கப்பன் சோதிப்பாரு, ஜமீலா. இங்கிலீஷ்ல திடீர்னு எதையாவது கேப்பாரு. முகத்துலகூடப் புரிஞ்ச மாதிரி தெரியக் கூடாது."

"எங்க மாமியாகிட்ட பத்து வருசமா காது மந்தம்னு பேரு வாங்கி வச்சிருக்கறனுங்க. அங்கப்பன் எந்த மூலைக்குங்க?"

அங்கப்பன் சோதித்தார். உங்கள் கடை தீப்பிடித்து எரிகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். ஜமீலா அவரைச் சோளக்கொல்லைப் பொம்மை பார்ப்பதுபோலப் பார்த்தார். 'மீண்டும் அறியாமை அடைந்துள்ளார்' என்று புதுச் சான்று கிடைத்தது.

அதற்குப் பிறகு வகுப்புகள் அமைதியாக நடந்தன. சாந்தாமேரிக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் இருக்கத் தெரியாது. ஜமீலா வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பேசுகிற நேரம் மிச்சமானதால் படிப்பு வேகமாக ஏறியது. பதினைந்தாவது வகுப்புக்குள், மிளகு மடிக்க வரும் ஆங்கிலப் பத்திரிகையை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழித்தார்.

இந்த நிலையில் மையத்தின் வெற்றியை மதிப்பிட லண்டனிலிருந்து ஒரு மொழியியல் நிபுணர் வந்தார். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அடிவாரத்தில் பஸ் ஏறி, ஏற்காட்டில் தனியாக இறங்கினார். மையத்துக்கு வழி கேட்டார். பஸ் நிலையத்தில் கடை வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் சான்று பெற்ற மாணவர்கள். இன்னும் வகுப்பு முடியவில்லை. டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். பழக்கடை அற்புதம் பலாச்சுளையை வாயில் போட்டுக்கொண்டார். கான்வென்டில் படித்த ஒரு டிரைவர்கூட, எதற்கு வம்பு என்று பஸ்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

நிபுணர் ஜமீலாவிடம் வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார்.

மேலே ஏறி, மாதா கோயிலுக்கு இடப்பக்கம் திரும்புங்கள் என்ற முழு வாக்கியம், பிழையில்லாமல், ஜமீலாவின் தொண்டை வரை வந்தது. எதிரே தலைச்சோலை பஸ்ஸுக்காகக் குடையோடு சாந்தாமேரி நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாந்தாமேரி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜமீலா ஒரு பொட்டலம் மிளகை எடுத்து நிபுணரின் கையில் வைத்தார்.

கைக்கண்ணாடியில் வாயைப் பார்த்துக்கொண்டே நடந்த ஒருவரைப் பின்தொடர்ந்து, மாலையில் அவர் மையத்தை அடைந்தார். அவருடைய அறிக்கை சுருக்கமானது. இந்த ஊரில் ஆங்கிலத்தின் சாயல்கூட இல்லை. இப்படி ஒரு தேவையை உலகில் வேறெங்கும் கண்டதில்லை. மையத்தை இன்னும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டும். தேவசிகாமணிக்குப் பதவி உயர்வு வந்தது. நாற்பது பேரும் தேறினார்கள். மிளகுக் கடைப் பெண்மணியின் மாசற்ற அறியாமையை நிபுணர் தனியாகக் குறிப்பிட்டிருந்ததால், சாந்தாமேரி முதலிடம்.

ஜூன் முதல் வாரம் நிரந்தர ஆணை வந்தது. பிரித்த கையோடு சாந்தாமேரி கடைக்கு ஓடினார். ஆணை ஆங்கிலத்தில் இருந்தது. முதல் பத்தி முடிவதற்குள் கண்ணீரில் மூக்குக்கண்ணாடி நனைந்து எழுத்து மறைந்துவிட்டது. ஜமீலா அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தாளை வாங்கி, மல்லாந்து கிடந்த தராசுத் தட்டில் வைத்து, மிச்சத்தைப் படித்தார்.

"டீச்சர், மூணாவது பத்திய பாத்தீங்களா?"

"என்ன போட்டிருக்கு?"

"நீங்க கத்துக்குடுத்த ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாம இருக்கற வரைக்கும்தான் இந்த வேலை நெரந்தரமாமுங்க. மூணு வருசத்துக்கு ஒருக்கா அங்கப்பன்கிட்ட என்னையக் கூட்டிட்டுப் போயி புதுச் சான்று வாங்கோணுமாம்."

சாந்தாமேரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாமே படித்தார். ஜமீலா மொழிபெயர்த்ததில் ஒரு குறையும் இல்லை. பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆணையின் அடியில் மாணவருக்கும் ஓர் உறுதிமொழி இருந்தது. 'மேற்கண்ட ஆங்கில நிபந்தனைகள் அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது.' பக்கத்தில் கைநாட்டு வைக்கக் கட்டம் போட்டிருந்தார்கள்.

ஜமீலா அதையும் ஒரு தடவை படித்துவிட்டு, கட்டைவிரலை மையில் தோய்த்தார். கட்டத்துக்கு மேலே விரலை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க டீச்சர், உங்களுக்கு ரிட்டயர்மென்டு எந்த வருசமுங்க?"

"ரெண்டாயிரத்து ஏழு."

ஜமீலா அழுத்தி நாட்டு வைத்தார். கடை வாசலில் தொப்பி போட்ட ஒரு தம்பதி வந்து நின்று, மிளகு என்ன விலை என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஜமீலா மை படிந்த கையைத் தூக்கி விரலைக் காட்டினார்.