ஏழு பவுண்டு பதினாலு அவுன்ஸ் விரால்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். இதை நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது வீட்டில் யார் முன்னாலும் சொல்வதில்லை. சொன்னால் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்பது உங்களுக்கு நல்லது. அவர்கள் சொன்னால் மீன் இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும்.

சித்தூர் ஜில்லா மெட்ராஸ் ராஜதானியில் இருந்த காலம். எனக்கு இருபத்துநாலு வயது. திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்த எஸ்தரை எனக்குப் பார்த்திருந்தார்கள். (‘பார்த்திருந்தார்கள்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக் கூட்டத்தில் நானே பார்த்துவிட்டு வந்து, மூன்று மாதம் அம்மாவைப் படுத்தி எடுத்துத்தான் ஆள் அனுப்ப வைத்தேன்.)

எஸ்தரின் அப்பா ஞானமுத்து ஐயா தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். சபையில் மூப்பர். ஊரில் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டே விஷயம் சொல்வார்கள்: பொய் சொல்ல மாட்டார், சனிக்கிழமை வீட்டில் இருக்க மாட்டார். சனிக்கிழமையானால் மிஷன் துரை ஒருவர் கப்பலேறும்போது விட்டுப்போன தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஏரிக்குப் போய்விடுவார். மீன் விற்பதற்கும் இல்லை, வீட்டில் வறுமையும் இல்லை. ஒரு ஆசை, அவ்வளவுதான்.

கூட்டாளி ஒருவர் உண்டு, மண்டிக்கடை பாக்கியநாதன். அவர் பிடித்த ஆறே முக்கால் பவுண்டு விரால்தான் அந்த ஏரியில் தூண்டிலில் அகப்பட்டதிலேயே பெரியது. ஞானமுத்து ஐயா பிடித்ததில் பெரியது ஆறு பவுண்டு. ஒன்பது வருஷமாக அந்த முக்கால் பவுண்டு அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

ஏரிக்கரைக்குத் தராசு எடுத்துப் போக மாட்டார்கள். ஸ்பிரிங் தராசு நாள்பட நாள்பட இளகிப்போய்ப் பொய் சொல்லும் என்பது துரை சொல்லிவைத்துப் போன வேதம். அதற்குப் பதில் ஒரு கணக்கு இருந்தது. மீனின் நீளத்தை அங்குலத்தில் அளக்க வேண்டும். வயிற்றுச் சுற்றளவையும் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, எண்ணூறால் வகுத்தால் பவுண்டு வந்துவிடும். இன்னொரு கண்டிப்பான விதியும் உண்டு: பிடித்தவர் அளக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் அளக்க வேண்டும். அவர் சொன்ன எடைக்கு மேல் பேச்சே கிடையாது.

மாப்பிள்ளைகளையும் ஐயா ஏரிக்கரையில்தான் பரீட்சை வைத்தார். எனக்கு முன்னால் வந்த ஒருவர் கூடையில் கிடந்த ஒன்றரைப் பவுண்டு கெண்டையைப் பார்த்து, “அஞ்சு பவுண்டு இருக்கும்போல இருக்குதே ஐயா!” என்று ஐஸ் வைத்தாராம். அவருக்குப் பதில் கடிதமே போகவில்லை. “மீன் எடையில பொய் சொல்றவன் பொண்டாட்டிகிட்ட எதுல உண்மை சொல்லப் போறான்?” என்பது ஐயாவின் கேள்வி.

எனக்குச் சொல்லியனுப்பினார்: “சனிக்கிழமை காலையில ஏரிக்கு வரச் சொல்லுங்க. மறுநாள் அறுப்பின் பண்டிகை. கோயிலுக்கும் வந்துட்டுப் போகட்டும்.”

நான் எகிறிக் குதித்தேன். பெருக்கல், வகுத்தல்! இதற்கா பரீட்சை? எண்ணூறாம் வாய்ப்பாட்டை எழுதி மனப்பாடமே செய்தேன். (யாரும் கேட்கவில்லை.) ஐயா முடிச்சுப் போட்ட நூலால் அளந்து, பிறகு அதை மர ஸ்கேலில் வைத்துப் பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இருபதாம் நூற்றாண்டில் நூலா என்று அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு ரயிலேறினேன். அம்மா அங்கே சித்தி வீட்டில் தங்கினாள். அம்மாவிடம் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ஏரியில் மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஐயா தவளையைக் கொக்கியில் மாட்டி எறிவார், இழுப்பார், எறிவார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நல்ல பையனாக உட்கார்ந்திருந்தேன். ஏரியில் வலை போடும் முனிசாமி கரையில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று கோல் வளைந்தது. ஐயா எழுந்து நின்றார். அறுபது வயது மனிதர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, அந்தப் பக்கம் ஓடி, இந்தப் பக்கம் ஓடி, கடைசியில் ஒரு விராலைக் கரையில் கொண்டுவந்து போட்டார். கறுப்பு, நல்ல கொழுப்பு, துள்ளிக்கொண்டு இருந்தது.

“தம்பி, அளங்க!” என்றார். மடியிலிருந்து நூலை எடுத்து நீட்டினார்.

“நூல் எதுக்குங்க ஐயா? டேப்பே இருக்குது!” என்றேன், என்னமோ பாக்கெட்டிலிருந்து பீரங்கியை எடுப்பதுபோல.

உயிருள்ள விராலை அளப்பது வாத்தியார் வேலையில் சேர்ந்தது அல்ல. முதல் தடவை வழுக்கிக்கொண்டு என் தொடை நடுவே புகுந்தது. இரண்டாம் தடவை வாலால் என் கன்னத்தில் ஓர் அறை விட்டது. மூன்றாம் தடவை அதன்மேல் நான் குப்புறப் படுத்தேன். வெள்ளைச் சட்டை போனது போனதுதான். ஐயா தலையைப் பிடித்துக்கொள்ள, நான் டேப்பின் நுனியை மீனின் வாயோரத்தில் வைத்து வால்வரை இழுத்தேன். இருபத்தெட்டு. வயிற்றைச் சுற்றினேன். பதினைந்து.

பென்சிலைத் தொடவே இல்லை. மனக்கணக்கு. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கினால் இருநூற்று இருபத்தைந்து. அதை இருபத்தெட்டால் பெருக்கினால் ஆறாயிரத்து முந்நூறு. எண்ணூறால் வகுத்தால்... “ஏழு பவுண்டு பதினாலு அவுன்ஸ் ஐயா!”

ஐயா அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். “ஏழா?”

“ஏழு பவுண்டு பதினாலு அவுன்ஸ். எட்டுக்கு ரெண்டு அவுன்ஸ்தான் குறைச்சல்.”

முனிசாமி வந்து பார்த்தான். மீனை இரண்டு கையாலும் ஏந்தி ஒருமுறை ஆட்டினான். “இன்னா வாத்தியாரே, ஒண்ணேகால் வீசைக்கே மூணு பலம் குறையும்போல கீது” என்றான்.

ஒரு வீசைக்கு நாற்பது பலம், சுமார் மூன்று பவுண்டு. அவன் சொன்னது என் கணக்கில் பாதிகூட இல்லை. நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் என்று வருகிறது, அப்படி ஒரு சிரிப்பு. “முனிசாமி, கையால தூக்கிப் பாத்து சொல்றதுக்குப் பேரு குத்துமதிப்பு. இது கணிதம். ரெண்டரை வீசைக்கு மேல இருக்குது” என்றேன்.

“நான் இன்னாத்த கண்டேன் வாத்தியாரே, தினம் மீன் புடிச்சிக்கினு கீறேன், அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அவன் வலைக்குத் திரும்பிவிட்டான்.

ஐயா ஒரு கணம் முனிசாமியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விதி விதிதான். அளந்தவர் சொன்ன எடை. “ஆறே முக்காலைத் தாண்டிடுச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் தோளில் கை வைத்து, “நாளைக்குக் கோயில்ல பேசலாம் தம்பி” என்றார். கல்யாணம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

விரால் லேசில் சாகாது. பானைத் தண்ணீரில் மூடி வைத்தால் இரண்டு நாள் கிடக்கும். அதை ஐயா அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். பண்டிகையன்று சபையார் பூசணிக்காய், வாழைத்தார், கோழி, முட்டை என்று விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வளவில் எல்லாம் ஏலம் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஐயா அறிவிப்புகளை வாசித்துவிட்டுக் கடைசியாகச் சொன்னார்: “நம்ம மூப்பர் ஞானமுத்து ஐயா ஏழு பவுண்டு பதினாலு அவுன்ஸ் எடையுள்ள விராலைக் கர்த்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார்.” ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வலது பக்கம் பாக்கியநாதன் குனிந்து உட்கார்ந்தார்.

ஏலத்துக்குத் தராசும் படிக்கற்களும் வருஷா வருஷம் பாக்கியநாதன் மண்டியிலிருந்துதான் வரும். விரால் பானை ஏலத்துக்கு வந்ததும் அவர் எழுந்தார். “நிறுத்துட்டே ஏலம் விடலாமே. வாங்கறவங்களுக்கும் தெரியணும் இல்ல?” என்றார்.

“தாராளமா நிறுங்க” என்றார் ஐயா.

பாக்கியநாதன் ஒரு தட்டில் மீனை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். சாக்குக்கு ஈடாக இன்னொரு ஈரச் சாக்கை மறு தட்டில் போட்டார். (நேர்மையான மனிதர். அன்று அது எனக்குப் பிடிக்கவில்லை.) மறு தட்டில் இரண்டரை வீசைக்குப் படிக்கற்களை ஏற்றினார். மீன் இருந்த தட்டு ஜிவ்வென்று மேலே போனது. அரை வீசையை எடுத்தார். மீன் மேலேயே நின்றது. இன்னொரு வீசையையும் எடுத்தார். மீன் கொஞ்சம் இறங்கி வந்தது. ஐந்து பலம் போட்டார், இரண்டு பலம் போட்டார். முள் நேராக நின்றது.

“ஒரு வீசை ஏழு பலம்” என்றார் பாக்கியநாதன்.

முனிசாமி சொன்னது அச்சுப் பிசகாமல் அதுதான். ஒண்ணேகால் வீசைக்கு மூன்று பலம் குறைவு.

பின்னாலிருந்து யாரோ, “பானையில கவலப்பட்டுக்கினே கெடந்து எளச்சிப்போச்சோ இன்னாவோ!” என்றார்கள். கூட்டம் சிரித்தது. ஞானமுத்து ஐயாவின் முகத்தை நான் பார்த்தேன். ஊரில் பொய் சொல்லாத ஒரே மனிதர் என்று பேர் வாங்கியவர், கோயில் வளவில், காணிக்கை மீனின் எடையில் பொய் சொன்னவராக நின்றார். கல்யாணம் போனது ஒரு பக்கம். இந்த மனிதரை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று அழுகையே வந்தது.

“தம்பி, சபை முன்னாடி திரும்ப அளங்க” என்றார் ஐயா.

அளந்தேன். இருபத்தெட்டு. பதினைந்து. சத்தமாகப் படித்தேன். ஐயா தராசைப் பார்த்தார். பாக்கியநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் பாக்கறீங்க? என் தராசு தப்புன்றீங்களா?” என்று சட்டைக் கையை மடக்கினார். பாஸ்டர் ஐயா நடுவில் புகுந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் எழுந்து வந்து என் முன்னால் கை நீட்டினாள். டேப்பைக் கொடுத்தேன். நுனியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு எங்க?” என்று கேட்டாள்.

அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். டேப்பின் முதல் நாலு அங்குலம் இல்லை. கிழிந்துபோன இடத்தை அம்மா அழகாக மடித்துத் தைத்திருந்தாள். நான் வைத்த நுனி நாலில் ஆரம்பித்தது. நீளத்தில் நாலு கூடிற்று, சுற்றளவில் நாலு கூடிற்று. சுற்றளவை அதனாலேயே பெருக்கியபோது மீன் இரட்டித்துவிட்டது.

கூட்டத்திலிருந்து என் அம்மா எழுந்து நின்றாள். மகனைக் காப்பாற்றுவதாக நினைப்பு. “அது கிழிஞ்சி ஆறு வருஷம் ஆவுதேடா! அளந்துட்டு நாலு கழிச்சிக்கணும்னு வீட்ல கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாது?”

கோயில் வளவே குலுங்கியது. பாஸ்டர் ஐயாவே பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டு பேர், நானும் ஞானமுத்து ஐயாவும். விரால் சாக்கில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஐயா என் பக்கம் வந்தார். “கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சி அளந்தீங்களா?”

“இல்லைங்க ஐயா. தெரியாது.”

“அளக்கறதுக்கு முன்னாடி டேப்பைப் பாக்கலையா?”

“பாக்கலைங்க.”

“கணக்கு வாத்தியாரு நீங்க.”

“ஆமாங்க.”

அவர் சபையின் பக்கம் திரும்பினார். “மூணு பவுண்டு பத்து அவுன்ஸ். பாஸ்டர் ஐயா சொன்னது நான் கொடுத்த கணக்கு, அது தப்பு. இத்தினி வருஷமா மீன் பாத்துக்கினு வந்தவன், கையில தூக்கினப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆசைப்பட்டு நானும் கண்ணை மூடிக்கினேன். பாக்கியநாதன் மீன்தான் பெருசு.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாக்கியநாதன் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குப்பொடி டப்பியை நீட்டினார். அந்த மீனை ஏலத்தில் எடுத்தவரும் அவர்தான்.

நான் யார் முகத்திலும் விழிக்காமல் மூன்றரை மணி ரயிலைப் பிடிக்கலாம் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஐயா அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எஸ்தர்.

“உங்க பையன் பொய் சொல்லலைம்மா” என்றார் என் அம்மாவிடம். “முட்டாள்தனம் பண்ணியிருக்காரு. முட்டாள்தனத்துக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. கூட இருந்து குப்பை கொட்டப் போறது இவ. இவளைத்தான் கேக்கணும்.” மகளிடம் திரும்பி, “இன்னாம்மா சொல்ற?” என்றார்.

எஸ்தர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். தையல் டீச்சர் பார்வை. “நாலு கழிச்சிக்கினா சரியாத்தான் இருக்காரு நைனா” என்றாள்.

மூன்றே மாதத்தில் கல்யாணம். மாமனார் என்னை அதன் பிறகும் ஏரிக்குக் கூட்டிப்போனார், அளக்க மட்டும் விடவில்லை. அடுத்த வருஷம் எஸ்தர் பிரசவத்துக்குச் சித்தூர் போயிருந்தாள். ஒரு நாள் திருப்பதிப் பள்ளிக்கூடத்துக்கு அவர் கையெழுத்தில் எனக்கு ஒரு கார்டு வந்தது. என் கைக்கு வருமுன் ஆசிரியர் அறை முழுக்கப் படித்து முடித்திருந்தது. ‘ஆண் குழந்தை. தாயும் சேயும் சுகம். ஏழு பவுண்டு இரண்டு அவுன்ஸ். டாக்டரம்மா தராசில் நிறுத்தது. தாங்கள் வந்து அளக்க வேண்டியதில்லை.’

அந்தப் பையனுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில், “தம்பி என்ன உயரம்?” என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“அஞ்சடி எட்டு அங்குலங்க” என்றான். “எங்கப்பா அளந்தா ஆறடி.”