எட்மண்ட் பிராங்க் செத்த கதை

மார்கரெட்டிடமிருந்து நான்காவது மெயில் வந்தபோது ஜெயசீலி அதைத் திறக்கவே பயந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றாவது மாடியில் அவளுக்கு வேலை. இங்கிலாந்தில் மார்ஸ்பி என்று ஒரு கடலோர ஊர். அந்த ஊர்ச் சங்கம் போன நூற்றாண்டுப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். மணலில் கழுதைச் சவாரி போகும் பிள்ளைகள், கடலுக்குள் நீளும் பாலத்தின் நுனியில் ஒரு நடன மண்டபம், கோட்டும் சூட்டுமாக வெயில் காயும் கனவான்கள். படத்தின் பின்பக்கம் கிறுக்கியிருப்பதைப் படித்து, யார், எங்கே, எப்போது என்று அவள் பதிய வேண்டும்.

"இல்லாதத எழுதினா அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று டீம் லீடர் ஸ்ரீகாந்த் முதல் நாளே சொல்லியிருந்தான். கணவன் எட்மண்ட் வேலை பார்த்த கம்பெனி மூடி ஆறு மாதம் ஆகிறது. ஆவடியில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

ஆனால் ஒரு சாயங்காலம் வந்த பாழாய்ப்போன படத்தின் பின்னால் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. படகில் சாய்ந்தபடி ஒரு மீசைக்காரர், அவ்வளவுதான். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த படத்துக்கு நகர மறுத்தது. ஆறு மணிக்குக் கம்பெனி வேன் கிளம்பிவிடும். வெள்ளைக்காரப் பெயர்தானே, நம் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று 'எட்மண்ட் பிராங்க்' என்று தட்டிவிட்டு ஓடினாள்.

மறுநாளே அந்த ஊர்ச் சங்கத்தின் பெயரில் மார்கரெட் என்பவள் மெயிலில் கேட்டாள்: யார் இந்த எட்மண்ட் பிராங்க்?

'புயலில் பதினான்கு பேரைக் காப்பாற்றிய படகுக்காரர்.' வெறும் படகுக்காரர் என்று போட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே.

எந்தப் புயல்?

'1936, நவம்பர்.'

அதன்பிறகு அவர் என்ன செய்தார்?

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று ஜெயசீலி ஆளையே முடித்துவிட்டாள். 'அதே புயலில் இறந்தார்.' அனுப்பிய பிறகுதான் யாரைச் சாகடித்திருக்கிறோம் என்பது உறைத்தது.

வீட்டுக்குப் போனால், எட்மண்ட் ஸ்டூல் மேல் ஏறி ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எறங்குங்க. மொதல்ல எறங்குங்க."

"இன்னாடி, பேயறஞ்ச மாதிரி கீற?"

"நாளைக்கு வண்டி எடுக்காதீங்க. ஏரிப் பக்கம் போவாதீங்க. மழை வந்தா வெளிய தலை காட்டாதீங்க."

"ஆறு மாசமா ஊட்லதான் கீறேன். நான் எங்க போவப் போறேன்?" என்று கேட்டுவிட்டுத் தும்மினான். ஜெயசீலி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள்தான் அந்த நான்காவது மெயில். எட்மண்ட் பிராங்க்குக்குக் கடற்கரையில் நினைவுக்கல் வைக்கலாம் என்றிருக்கிறோம், நாளை நான்கு மணிக்கு போனில் பேச முடியுமா?

கல்லில் வெட்டிவிட்டால் அழிக்க முடியுமா? வேலை போனாலும் போகட்டும், உயிரோடு இருக்கிற புருஷன் பெயரைக் கல்லறைக் கல் மாதிரி வெட்ட விடக்கூடாது என்று முடிவு செய்தாள்.

நான்கு மணிக்கு போன் அடித்தது. மார்கரெட்டின் ஆங்கிலம் நுனிநாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஜெயசீலி காலையிலிருந்து மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒப்பித்தாள். எல்லாம் பொய் மேடம், அப்படி ஒரு படகுக்காரரே இல்லை, அது என் கணவர் பெயர்.

சொல்லி முடித்ததும், வேலை போய்விட்டது என்றே அவளுக்குத் தோன்றியது.

"மாதாவே, என் குடும்பத்தக் காப்பாத்தும்மா" என்று வாய்விட்டே அழுதுவிட்டாள்.

"அக்கா, நீங்க தமிழா?" என்றாள் மார்கரெட்.

அந்தக் குரல் இன்னும் தணிந்து, அவசர அவசரமாகப் பேசியது.

"மார்கரெட்டுங்கறது ஆபீஸ்ல வெச்ச பேருக்கா, நான் சுவேதா, கொரட்டூர்லேந்து பேசறேன், நீங்க பதியறத சரிபாக்கற வேலைய அந்தச் சங்கத்துல எங்க ஆபீஸுக்குக் குட்த்துகீறாங்க, ஒரு நாளைக்கு அஞ்சு கேள்வி கேக்கலன்னா என்னத் தூக்கிடுவாங்க, அந்தக் கல்லு கூட நானா எட்த்து வுட்டதுதான், நீங்க பாட்டுக்கு உண்மைய சொல்லி என் பொழப்புல மண்ணப் போடாம அவர எங்க பொதைச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா."