பவுடர் பூசிய எஞ்சின்

என் மாமியாரின் சந்தனப் பவுடர் டப்பாவைத் திருடியது நான்தான். நல்ல காரியத்துக்காகத் திருடினேன் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. ஆகவே முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் டீச்சர். நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஓய்வுபெற்ற எங்கள் தலைமையாசிரியையிடம் ஒரு பழைய காரை வாங்கினேன். அதற்குப் பதினெட்டு வயது. (காருக்குத்தான்.) வாங்கிய மாதமே ஆயில் ஒழுக ஆரம்பித்தது. நிறுத்திய இடமெல்லாம் கறுப்புப் பொட்டு. என் கணவர் ஜெயசீலன் தினமும் அடியில் பழைய பேப்பரை விரித்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

சிம்மக்கல் பக்கம் செல்லப்பாண்டி என்ற மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். கார் என்னுடையது, ஓட்டுவது நான், கேள்வி கேட்டதும் நான். அவரோ பதிலையெல்லாம் என் கணவருக்கே சொன்னார்.

“அண்ணே, எஞ்சினுக்குப் பின்னாடிதான் சொட்டுது. ஆயிலைத் தடுக்குற பின் சீலு போயிருச்சு. எஞ்சினை இறக்கித்தான் பாக்கணும்.”

“மேல இருந்து வழிஞ்சு வந்து பின்னாடி சொட்டலாம்ல?” என்றேன்.

“டீச்சர் பாடம் எடுக்குறாங்கண்ணே,” என்று அவரிடமே சொல்லிச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும் வழியிலேயே கணவரின் தீர்ப்பு வந்துவிட்டது. “திங்கக்கிழமை புரோக்கர் வாராரு. வித்துருவோம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கே எனக்கென்று நான் வாங்கிய முதல் பெரிய பொருள் அந்தக் கார். அதைக் காப்பாற்ற எனக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடியில் ஒரு மூலையில் இறங்கும் மழைத்தண்ணீர் வேறொரு அறையில் சொட்டுவதில்லையா? எஞ்சினைச் சுத்தமாகத் துடைத்து, வெள்ளைப் பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும். ஆயில் எங்கே கிளம்புகிறதோ அங்கிருந்து கறுப்புக் கோடு விழுந்துவிடும்.

அந்த ஞாயிறு என் நாத்தனார் பேரனுக்கு, திருமங்கலம் தாண்டி ஒரு கிராமத்துச் சர்ச்சில் ஞானஸ்நானம். போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சோதனைக்குச் சரியான தூரம். முதல் நாளே எஞ்சினைத் துடைத்து வைத்துவிட்டு, காலையில் யாருக்கும் தெரியாமல் பவுடர் தூவினேன். கொஞ்சம் தூவினால் போதும்தான். ஆனால் எனக்கு எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லை. முழு டப்பாவையும் கவிழ்த்தேன். முன் கண்ணாடிக்குக் கீழே, வண்டிக்குள் காற்றுப் போகிற சல்லடைக்குள்ளும் கால் டப்பா போனதைக் கவனிக்கவில்லை. (இயற்பியல் டீச்சர்!)

“ஏம்மா, என் பவுடர் டப்பாவைப் பாத்தியா?” என்று கிளம்பும்போது அத்தை கேட்டார்.

“இல்லையே அத்தை.”

சர்ச்சுக்குப் போகிற காலையில் சொன்ன பொய். தண்டனை திருப்பரங்குன்றம் தாண்டியதும் வந்தது. கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையில் முன்சீட்டில் இருந்த அத்தை, “புழுங்குது, காத்தைப் போடும்மா,” என்றார். பின்சீட்டிலிருந்த கணவர் எங்கள் இருவருக்கும் நடுவே தலையை நீட்டி, “நாளைக்கு வார புரோக்கர்...” என்று ஆரம்பித்தார். நான் ஃபேனை முழுசாகத் திருப்பினேன்.

வெள்ளையாக ஒரு மேகம் குபீரென்று கிளம்பியது. எனக்கு ரோடு தெரியவில்லை. எப்படியோ ஓரங்கட்டினேன். புரோக்கரைப் பற்றி மீதி சொல்ல வந்த வாய் நிறையப் பவுடர். கணவர் இருமிக்கொண்டே இருந்தார். அத்தை மட்டும் அசையவில்லை. இமை வரைக்கும் வெள்ளையாக, மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

“இந்தா இருக்கு என் பவுடரு!”

துடைக்கத் துடைக்கப் பரவியது. மூன்று வெள்ளை முகங்களும் சர்ச் வாசலில் இறங்கியபோது, ஞானஸ்நானக் குழந்தை வீறிட்டு அழுதது. போதகர் ஓடி வந்து, “விபத்தா?” என்று பதறினார். சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் சுற்றி நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் மானம் போனதுதான் போனது, முடிவையாவது பார்ப்போம் என்று பானெட்டைத் தூக்கினேன்.

வெள்ளை எஞ்சின்மேல், கண் மை தீட்டியதுபோல் ஒரே ஒரு கறுப்புக் கோடு! எஞ்சின் தலைமேல் இருக்கும் மூடியின் ஓரத்தில் கிளம்பி, பின்பக்கமாக வழிந்து, அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. பின் சீல் பக்கம் பவுடர் பவுடராகவே இருந்தது.

“மேல இருந்துதான் வருது!” என்று நான் போட்ட கூச்சலில் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

கணவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். அத்தைதான் பேசினார்.

“பவுடரு எனக்குப் போட்டதைவிட எஞ்சினுக்கு நல்லா எடுத்திருக்கு. ஏலே ஜெயசீலா, புரோக்கரை வர வேண்டாம்னு சொல்லு.”

மறுநாள் செல்லப்பாண்டி அந்த மூடியின் ரப்பர் பேக்கிங்கை மாற்றினார். அவ்வளவுதான் வேலை. எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கணவர் விரித்த பேப்பரில் ஒரு சொட்டுகூட இல்லை. அன்றைக்கு அவர் அதை உட்கார்ந்து வாசித்தார். செல்லப்பாண்டி இப்போது எதையும் என்னிடம்தான் சொல்கிறார். ஒழுகுகிற வண்டி வந்தால், “டீச்சர், எம்புட்டுப் பவுடர் போடணும்?” என்று போனும் செய்கிறார்.

கார் இன்றும் ஓடுகிறது. ஞாயிறுதோறும் அத்தை முகத்தைக் கழுவிவிட்டு, பவுடர் போடாமலே முன்சீட்டில் வந்து உட்காருகிறார். ஏன் என்று யாராவது கேட்டால், ஃபேனைக் காட்டி, “போற வழியில போட்டுக்கிறேன்,” என்கிறார்.