குறுக்குப் பட்டை இல்லாத மீன் தொட்டி

மீன் வளர்க்கும் ஆசையில் நான் மீன் தொட்டி வாங்கவில்லை. என்னை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக வாங்கினேன்.

கூச்சப்படுகிறவர்களுக்கு இது புரியும். இரண்டாயிரம் பிறப்பதற்கு முந்தைய வருஷம் எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்குள் இரண்டு இடத்திலிருந்து பெண் வீட்டார் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு தடவையும் நான் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எத்தனாவது வரை படித்தீர்கள் என்று கேட்டால் அஞ்சாவது என்று சொல்ல வாய் வராது. சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் வராது. மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று இரண்டாவது வீட்டார் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். (வரும் என்று அம்மா அடித்துச் சொன்னாள். அவர்கள் நம்பவில்லை.)

மூன்றாவது இடம் எங்கள் மலையிலேயே குண்டனி நாட்டிலிருந்து வந்தது. (மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது.) அந்தப் பெண்ணை ஒரு திருவிழாவில் பார்த்திருந்தேன். யாரோ சொன்னதற்குத் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த இடமும் தட்டிப்போனால் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் இராசிபுரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். வீங்கிய கன்னத்தோடு எட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் அடுத்தவரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மூலையில் இருந்த மீன் தொட்டியில். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

அதே ஊரில் மீன் கடை வைத்திருந்தவர் தொட்டியும் செய்து கொடுப்பார். காகிதம் எடுத்துவைத்து நீளம் என்ன, உயரம் என்ன, எந்த மேசை என்று கேள்வியாகக் கேட்டார். எனக்கு வேர்த்தது. நாலடி நீளம் என்றால் மேல் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டை ஒட்ட வேண்டும், நடுவில் குறுக்காகவும் ஒன்று போட வேண்டும் என்றார்.

"தண்ணி சும்மா நிக்குதுன்னு நெனைக்காதீங்க. தள்ளிக்கிட்டே நிக்குமுங்க."

அப்படிப் பட்டை போட்ட தொட்டி ஒன்றைக் காட்டினார். என் கண்ணுக்கு அது ஒட்டுப்போட்ட சாமானாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் எதிலாவது பட்டை அடித்திருந்தால் அது ஏற்கனவே உடைந்தது என்று அர்த்தம். பெண் வீட்டார் முன்னால் உடைந்ததைக் கொண்டுவந்து வைப்பதா? அதை அவரிடம் சொல்லவும் கூச்சம். "வாரேனுங்க" என்று வந்துவிட்டேன்.

மலையடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவர் ஒருவர் இருந்தார். எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கைக்கு நேராக டேப்பைப் பிடித்துவிட்டு, செய்துவிடலாம் என்றார். பட்டை என்ற பேச்சே எடுக்கவில்லை. அவர் அதற்குமுன் தொட்டி செய்ததுண்டா என்று நானும் கேட்கவில்லை. பேசாத ஆள், அது போதும்.

வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றி, கட்டிப்பிடித்தபடி அதை மலைக்குக் கொண்டுவந்தேன். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் ஒரு கீறல் விழவில்லை. இனி எதையும் தாங்கும் என்று முடிவு கட்டினேன். மீன் வாங்கப் போனபோது கடைக்காரர், குறுக்குப் பட்டை போட்டாச்சா என்று கேட்டார். தலையாட்டினேன். அது எனக்குச் சுலபம்.

பெண் வீட்டார் வரும் நாள் காலையில் அம்மாவும் நானும் தொட்டியைத் தாழ்ந்த பலகைமேல் வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். பாதியில் மீன்களையும் விட்டோம். முக்கால் நிறைந்ததும் முன்பக்கக் கண்ணாடி நடுவில் வெளியே வளைந்தது.

"ஏஞ்சாமி, கண்ணாடி மூச்சு புடிக்குதா?" என்றாள் அம்மா.

நான் கயிற்றைத் தேடினேன். விறகுச் சுமையை இறுக்குவதுபோல் தொட்டியைச் சுற்றி நார்க்கயிறு கட்டி, இடையில் குச்சி செருகி முறுக்கினேன். கயிறு நாலு மூலையைத்தான் பிடித்தது. நடு வயிறு அப்படியே இருந்தது. முன்னால் உட்கார்ந்து அங்கே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். வளைவு குறைந்தது. கையை எடுத்தேன், மூலையில் நீர் கசிந்தது. திரும்ப வைத்தேன். வாசலில் ஆள் சத்தம் கேட்டது.

பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் உள்ளே வந்தார்கள். எழுந்து இரண்டு கையும் கூப்ப வேண்டும். நான் மீனைக் காட்டுகிறவன்போல் உட்கார்ந்தபடி ஒரு கையை மட்டும் தூக்கினேன், ஓட்டுக் கேட்க வந்தவன் மாதிரி. அவர்கள் மீனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்கள்.

காலில் ஏதாவது அடியா என்று அவர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த அக்காவுக்கு முகம் இறுகிவிட்டது.

"பெரியவங்க வந்தா எந்திரிக்கோணும்னு கூட மாப்ளைக்குத் தெரியாதுங்களா? வா தம்பி, போலாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்குத் திருவிழாச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"கைய எடுத்தா ஒடைஞ்சிருமுங்க, மாமா" என்றேன்.

அவர் நின்றார். "எது?"

"கண்ணாடிங்க. குறுக்க பட்டை போடச் சொன்னாங்க. ஒட்டுப்போட்டாப்பல இருக்கும்னு நாந்தான் வேண்டாம்னுட்டேன். அதான் கையிலயே புடிச்சிட்டிருக்கறனுங்க."

அதுவரை வெளியாளிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, என் கைக்கு அருகே தன் கையையும் வைத்தார். தண்ணீரை மொண்டு கொட்ட அம்மா குடத்தை எடுக்க ஓடினாள்.

குடம் வருவதற்குள் கீழ் மூலைப் பசை விட்டது. கண்ணாடி நழுவி எங்கள் மடியில் சாய்ந்தது. தண்ணீர் முழுவதும் அந்த அக்காவின் புதுப் புடவையை நனைத்துக்கொண்டு வாசலுக்குப் போனது. வெற்றிலைத் தட்டு மிதந்து போனது. அவர் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். அம்மா மீன்களைப் பொறுக்கிக் குடத்தில் போட்டாள். எல்லாம் அடங்கியபின் அந்த அக்கா புடவையைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"மாப்ளெ, கைய எடுங்க. தண்ணி போயி ரொம்ப நேரமாச்சு."

அப்போதுதான் கவனித்தேன். வெறும் காற்றை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காபி குடித்துவிட்டுப் போனார்கள். இதுவும் முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சம்மதம் என்று ஆள் வந்தது. பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம், அவ்வளவு நேரமும் கையை எடுக்கவே இல்லையா என்று. இல்லை என்றாராம் அப்பா. அப்படியானால் சரி என்றாளாம்.

"கைய எடுங்க" என்ற அந்தப் பேச்சு அவளோடு சீதனமாக வந்து சேர்ந்தது. மூடிய கடை முன் நான் காத்து நின்றாலும், கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குக் கை நீட்டினாலும், பிள்ளைகள்கூட விடுவதில்லை: "கைய எடுங்கப்பா, தண்ணி போயிருச்சு."

சில வருஷங்களுக்கு முன்னால் வாடல் நோய் வந்து எங்கள் மிளகுக் கொடிகள் போயின. காய்ந்த கொடிகளுக்கு நான் ஒரு மாதம் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு அதையேதான் சொன்னாள், மெதுவாக. அன்றைக்கு இருவரும் சிரிக்கவில்லை. அவள் முன்னால் நடந்தாள். நான் வெறும் கையோடு பின்னால் நடந்தேன்.