எங்கேயோ ஓட்டை இருக்கிறது

ஓட்டை போடுகிறவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஓட்டை தேடுகிறவர்களைப் பற்றி நான் பார்த்தவரை யாரும் எழுதக் காணோம். அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இவரை உங்களுக்குத் தெரியும். எந்தப் பொருள் கொஞ்சம் தொய்ந்தாலும், எந்த மனிதர் கொஞ்சம் வாடினாலும், எந்தக் கூட்டத்தில் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தாலும், கண்ணைச் சுருக்கி, விரலால் அமுக்கிப் பார்த்து, “எங்கேயோ ஓட்டை இருக்கு” என்பார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதைப் போட்ட கை என்று ஒன்று இருந்தாக வேண்டுமே! உடனே அந்தக் கையைத் தேடப் புறப்பட்டுவிடுவார். பெரும்பாலும் அது பக்கத்தில் நிற்பவருடைய கையாகவே இருக்கும். ஆகவே அவர் பக்கத்தில் யாரும் அதிகம் நிற்பதில்லை.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கும் எங்கள் கூபர் பீடியில் இந்த இனம் செழித்து வளர்கிறது. காரணம் சீதோஷ்ணம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். குன்றைக் குடைந்து உள்ளே குடியிருக்கிறோமே, அங்கே நடுக்கோடையிலும் தூங்கும்போது மெல்லிய போர்வை கேட்கும். வாசற்படியைத் தாண்டினால் பருவமே மாறிவிடும். நாங்கள் மனிதர்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறோம். காற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சூட்டில் உப்பும், குளிரில் சுருங்கும். பந்தில் அடைத்தாலும் டயரில் அடைத்தாலும் அதன் குணம் அதுதான். ஓட்டை தேடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த இனத்தில் எங்கள் ஊர் கண்ட மிகச் சிறந்த மாதிரி ஸ்டாமாட்டிஸ். ஓபல் என்கிற ரத்தினக் கல்லைத் தோண்டுகிற கிரேக்கர், என் அடுத்த வீட்டுக்காரர். அதாவது ஒரே குன்றில் அவர் அந்தப் பக்கம் குடைந்திருக்கிறார், நான் இந்தப் பக்கம். தங்கமான மனிதர். யாரும் கேட்காமலே உதவிக்கு வருவார். கேட்காமலே என்பதுதான் சிக்கல். ஜூலைக் குளிரில் விடியற்காலையில் என் வண்டியின் டயர்கள் லேசாக அமுங்கியிருந்தால், நான் போவதற்கு முன்பே அவர் அங்கே குந்தியிருப்பார்.

“நாலுலயும் ஆணி ஏறியிருக்கு.”

“நாலுலயும் ஒரே ராத்திரியிலயா?”

“அதைத்தான்யா நானும் சொல்றேன். உனக்கு வேண்டாதவன் எவனோ இருக்கான். யாருன்னு யோசிச்சுப் பாரு.”

நான் யோசித்து முடிப்பதற்குள் வெயில் ஏறும், டயரும் ஏறும். அவர் அதற்குள் எனக்கு ஓர் எதிரியைத் தேர்ந்தெடுத்து, அவனோடு பேச்சையும் நிறுத்தியிருப்பார். இப்படி எனக்காக அவர் பேசாமல் இருக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களோடு நான் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

டயரோடு போயிருந்தால் இதை எழுதவே மாட்டேன். போன கோடையில் மனிதர் தன் சொந்த மகள் ரூலாவின் கல்யாணத்திலேயே கை வைத்துவிட்டார்.

ரூலா அடிலெய்டில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அங்கே தனாசிஸ் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று, அவனுக்கும் அவளை. மீதி இருந்தது தனாசிஸின் அம்மா டெஸ்பினா. புருஷனை இழந்து தனியாகப் பிள்ளையை வளர்த்த பெண்மணி. அவள் தலையசைக்காமல் அவன் மோதிரம் மாற்ற மாட்டான். பெண் வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பிள்ளையோடு புறப்பட்டு வந்தாள். அவர்கள் வருவதற்கு முன் ரூலா அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

“அப்பா, ரெண்டு நாள்தான். தயவு செஞ்சு எதையும் அமுக்கிப் பாக்காதீங்க.”

“நான் என்னிக்கும்மா அமுக்கினேன்?” என்றார், சோபாவின் திண்டை அமுக்கிக்கொண்டே.

டெஸ்பினாவுக்கு இடுப்புவலி. எங்கே போனாலும் சொந்தக் காற்று மெத்தையோடு போகிறவள். வந்து இறங்கியதும் தனாசிஸ் முற்றத்து வெயிலில் மெத்தையை விரித்து, வண்டிப் பம்பால் காற்றடித்து, மத்தளம் மாதிரி விம்மி நின்றதைத் தலையில் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குள் போட்டான். அடுத்த வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் போயிருந்தேன். எல்லோரும் காபி குடித்தோம். ரூலாவின் அம்மா அர்கிரோ ஆளுக்கொரு கரண்டி ஆரஞ்சுத் தோல் பாகு கொடுத்தாள். டெஸ்பினா இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், ரூலாவின் முகத்தில் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. பிறகு, கொஞ்சம் படுக்கிறேன் என்று எழுந்து போனாள்.

போன சூட்டில் “ஐயோ” என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மெத்தை நடுவில் தொய்ந்து, சம்பந்தியம்மாளின் இடுப்பு கல்தரையிலும் தலையும் காலும் மேலேயுமாகக் கிடக்கிறாள். பெண்கள் இருவரும் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஸ்டாமாட்டிஸ் மட்டும் மெத்தையிடம் போனார். விரலால் அமுக்கினார். முகம் மலர்ந்தது.

“எங்கேயோ ஓட்டை இருக்கு.”

“அப்பா!” என்றாள் ரூலா.

“இரும்மா. சம்பந்தியம்மா, உங்க சட்டையில குத்தியிருக்கீங்களே, அந்த ஊசி...”

“இது என் வீட்டுக்காரர் வாங்கிப் போட்டது. இத்தனை வருஷமா யாரையும் குத்தினதில்ல.”

“இல்லையா? அப்ப... கோவிச்சுக்காதீங்க. மெத்தை எவ்வளவு பாரம் தாங்கும்னு பெட்டியில போட்டிருப்பானே, பாத்து வாங்கினீங்களா?”

டெஸ்பினா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஓட்டை தேடுகிறவருக்கு ஓட்டையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அவர் குளியல்தொட்டியை நிரப்பப் போய்விட்டார். நாங்கள் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கிற ஊர் இது. அர்கிரோ குழாய்ச் சத்தம் கேட்கக் கேட்கச் சிலுவை போட்டுக்கொண்டாள். மெத்தையை மூலை மூலையாக முக்கி, குமிழி வருகிறதா என்று மூக்கு நனையப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. வேறொருவராக இருந்தால் ஓட்டை இல்லை என்று முடிவு கட்டியிருப்பார். இவர் வெளியே வந்து, “ரொம்பப் பொடி ஓட்டை. தண்ணிக்கே தெரியாத ஓட்டை” என்று அறிவித்து, தோராயமாகப் பார்த்து நாலைந்து இடத்தில் ஒட்டுப் போட்டு, பசை காய வெயிலில் வைத்தார். வெயில் பட்டதும் மெத்தை பழையபடி விம்மி எழுந்தது.

“பாத்தீங்களா! அடைச்சிட்டேன்!”

ஊர்வலமாக உள்ளே கொண்டுவந்தார். சற்று நேரத்தில் மறுபடி தொய்ந்தது. இப்போது அவர் மெத்தையைப் பார்க்கவில்லை. தனாசிஸைப் பார்த்தார்.

“தம்பி, காத்தடிச்சது நீங்க. தூக்கிட்டு வந்ததும் நீங்க. நான் எதுவும் சொல்லல.”

டெஸ்பினா கைப்பையை எடுத்தாள். “தனாசிஸ், வண்டிய எடுடா. முதல்ல என் ஊசி, அப்புறம் என் உடம்பு, இப்ப என் பிள்ளை. இந்த வீட்டுல பொண்ணெடுத்தா நாளைக்குப் பால் திரிஞ்சாக்கூட அதுக்கும் நாமதான் காரணம்னு ஆகும்.”

தனாசிஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரூலாவைப் பார்த்தான். பாவம், வாசலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். ரூலா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். யாரையும் சமாதானப்படுத்தவில்லை. நேரே போய்த் தரையில் உட்கார்ந்து, மெத்தையின் மூடியைத் திறந்து வாயை வைத்து ஊத ஆரம்பித்தாள்.

“ஓட்டை மெத்தையில ஏம்மா ஊதறே?”

“ஓட்டையே இல்லப்பா. வெளியில அடிச்ச காத்து சூட்டுல உப்பியிருந்துச்சு. இங்க வந்ததும் குளிர்ந்து சுருங்கிடுச்சு. எங்கயும் போகல, உள்ளயேதான் இருக்கு. சுருங்கின இடத்துக்கு இன்னும் கொஞ்சம் காத்து வேணும், அவ்வளவுதான். யாரும் எதுவும் பண்ணல.”

“யாரும் எதுவும் பண்ணலையா?” ஸ்டாமாட்டிஸின் குரல் உடைந்தே போயிற்று. “யாரும் பண்ணாம எப்படிம்மா தொய்யும்?”

அவள் மூடியை அழுத்தி மூடினாள். முகம் சிவந்து மூச்சு வாங்க டெஸ்பினாவைப் பார்த்தாள். “அம்மா, ஒரு தடவை படுத்துப் பாருங்க. தரை தட்டுச்சுன்னா நானே உங்களை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விடறேன்.”

டெஸ்பினா படுத்தாள். நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்ப்பது போல அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருபக்கம் புரண்டாள், மறுபக்கம் புரண்டாள். வேண்டுமென்றே வெகுநேரம் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். மெத்தை அசையவில்லை.

“மெத்தை நல்ல மெத்தை” என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. “பொண்ணும் நல்ல பொண்ணு. அவங்கப்பாவை மட்டும் கொஞ்ச நேரம் வெளியில உக்கார வைங்க.”

கல்யாணம் நடந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்கள் நல்ல மனதுக்கு ஒரு வணக்கம். விருந்தில் நான் ஆட்டுக்கறியில் மும்முரமாக இருந்தபோது காதருகே வந்தார்.

“சம்பந்தியம்மா இன்னிக்குப் பேச்சைக் குறைச்சுக்கிட்டாங்க, கவனிச்சியா? அவங்ககிட்ட யாரோ எதையோ சொல்லியிருக்காங்க.”

“ஜலதோஷம்னு சொன்னாங்களே.”

“ஜலதோஷம்!” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகு கொஞ்ச நாள் என்னோடும் பேசவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், ஓர் இனத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பது சுகம்தான். போகிறபோக்கில் ஒன்று கேட்கட்டுமா? வாரம் தவறாமல் போன் பண்ணிக்கொண்டிருந்த அந்த ஒருவர் இப்போது கொஞ்ச நாளாகப் பண்ணுவதில்லை, அல்லவா? அவருக்கு வேலை அதிகமோ, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தீர்களா? இல்லை, அவரிடம் உங்களைப் பற்றிப் போட்டுக்கொடுத்தது யாராக இருக்கும் என்று யோசித்தீர்களா? யாரென்று எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் இதைப் படித்ததுமே ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்ததே, எவ்வளவு சீக்கிரம் வந்தது பார்த்தீர்களா?