மரம் நடும் தேடுபொறி

கண்டி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கத்தான் குணரத்தினம் போனைத் திறந்தார். தேடும் பெட்டியைத் தொட்டதும், முன்பு தேடியவை கீழே வந்து நின்றன. ‘ஈரல் புற்றுநோய் கடைசிக் கட்டம்.’ ‘வலி தெரியாமல் இருக்க என்ன செய்வது.’ ‘வீட்டில் எப்படிச் சொல்வது.’

அவர் இவற்றைத் தேடவில்லை. அப்படியென்றால் பூரணிதான். புருசன் பெண்சாதி இருவரும் ஒரே கடையில் வாங்கிய போன்கள். கணக்குத் திறந்து தருவதெல்லாம் இந்த ஊரில் கடைக்காரரின் வேலை. துறைமுகப் பக்கம் கடை வைத்திருக்கும் ரிஷாத் இரண்டிலும் ஒரே கணக்கைப் போட்டுக் கொடுத்திருந்தான்.

குசினியில் பூரணி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பாவி மனுசி, இந்த நிலையிலும் எனக்குக் குழம்பு வைக்கிறாளே என்று கிணற்றடிக்குப் போய் அழுதார்.

நோயைப் பற்றி இன்னும் அறிய வேண்டும். ஆனால் அதே பெட்டியில் தேடினால் அவளுக்குத் தெரிந்துவிடும். தான் வேலை செய்யும் ஓர்ஸ் ஹில் கந்தோரில் பக்கத்து மேசை ஸாஜிதிடம் கேட்டார்.

“பெண்சாதிக்குத் தெரியாமத் தேட ஏதும் வழி இருக்கோ தம்பி?”

ஸாஜித் அவரை மேலும் கீழும் பார்த்தான். “இந்த வயசுலயா அண்ணன்?”

இருந்தாலும் எதையும் ஞாபகத்தில் வைக்காத தேடுபொறி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். ஞாபகம் இல்லாததால், அந்தப் பாழாய்ப்போன சொல்லை ஒவ்வொரு முறையும் குணரத்தினமே முழுதாக எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கண் கலங்கியது.

அடுத்ததைப் போட்டான். தேடத் தேட மரம் நடுவார்களாம். மத்தியானத்துக்குள் ஒரு காடே வளர்ந்திருக்கும். பூரணியின் ஆயுள் மட்டும் வளரவில்லை.

மூன்றாவது, ஆளைப்போலக் கதைப்பது. ‘அன்பாக இருங்கள். வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்’ என்றது.

அன்று பின்னேரமே வீட்டைக் கூட்டி, சட்டி பானை கழுவினார். வேறு நாளென்றால் பூரணி குசினியிலிருந்து துரத்தியிருப்பாள். அன்று கழுவ விட்டுவிட்டு, இறால் பொரித்து அவருக்கே முழுவதையும் வைத்தாள். அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தபோது, அவருடைய பெயரைச் சொன்னாள்.

“எனக்கேன்? உன்ர பேருக்குச் செய்.”

பூரணி அங்கேயே விம்மத் தொடங்கினாள். “இன்னும் எவ்வளவு நாளைக்கு மறைக்கப் போறீங்கள்? போனில எல்லாம் பாத்தனான்.”

“நானும் பாத்தனான். அது நீ தேடினது.”

“சமையலைத் தவிர நான் ஒண்டும் தேடுறேல்லை.”

ஐயர் தட்டோடு நின்றார். “இப்ப ஆரின்ர பேருக்குச் செய்யிறது?”

கோயிலிலிருந்து நேரே கடைக்குப் போனார்கள். இரண்டு நோயாளிகளும் தப்பிய கதையைக் குணரத்தினம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரிஷாத் போன்களை வாங்கிப் பார்த்தான்.

“என்ட பிழைதான் ஸேர். அவசரத்துல ரெண்டுலயும் என்ட கணக்கப் போட்டுட்டன்.”

“பாத்தியோ, இவ்வளவுதான் விசயம்,” என்றார் குணரத்தினம். பூரணி கதிரையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்து முடியும்வரை ரிஷாத் இரண்டு போன்களையும் துடைத்துக்கொண்டு நின்றான். பிறகு போன்களைத் திருப்பிக் கொடுத்தான்.

“ஸேர், எங்கட ஊட்டுல மட்டும் சொல்லிராதீங்க.”