ஊட்டுக் காத்து

என் வீட்டுக்காரர் ரொனால்ட் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். கடையில் கிடைக்காது. அவர் வேலை பார்க்கிற தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் ஆளில்லாத நேரம் ஜெராக்ஸ் எடுத்து, ஆம்பளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிற படக்கதை.

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது அந்தக் கட்டு கிடைத்தது. நான் ஏழாவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அட்டையில் "ஊட்டிக் காத்து" என்று படித்தேன். டூரிஸ்டுகளுக்குப் போட்டது போல என்று நினைத்தேன். மறுபடி கூட்டினேன். ஊட்டுக் காத்து. எங்கள் பேச்சில் வீட்டுக் காற்று. எந்தக் காற்று என்று உள்ளே படம் போட்டிருந்தார்.

பொய் சொல்லக் கூடாது, முதல் பக்கத்துக்குச் சிரித்தேன். மேனேஜர் குனிகிறார், பேன்ட் கிழிகிறது, பின்னால் நிற்கிற கரடி மூக்கைப் பொத்துகிறது. தொட்டிலில் குழந்தை ஆஷ்லி தூங்கியதால் நான் வாயைப் பொத்தினேன்.

அடுத்த பக்கத்தில் ஒருத்தி. நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்பு ஊதுகிறாள். ஊதுவது வாயால் இல்லை. தாலிச் செயினில் சேஃப்டி பின். நெஞ்சில் பால் கறை. கறைக்கு அம்புக்குறி வேறு. பக்கத்தில் எழுதியிருந்ததை நான் எழுத மாட்டேன். சிரிப்பு வாயிலேயே புளித்துப் போனது.

நாளைக்கு இது ஃபேக்டரி முழுக்கப் போகும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆம்பளைகளைத் தாண்டித்தான் நான் சர்ச்சுக்குள் நுழைய வேண்டும்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன்.

"ஏனுங்க, இது நானுங்களா?"

"நீயில்ல ஸ்டெபி. சும்மா ஒரு பொம்பளை."

"செயின்ல பின்னு இருக்குதுங்க."

"எந்தப் பொம்பளை செயின்ல பின்னு இல்ல? இதெல்லாம் காமெடி. ரசிக்கறதுக்குப் படிப்பு வேணும்."

"அப்ப நிச்சயமா நானில்லீங்களா?"

"சத்தியமா நீயில்ல."

எனக்கு அது போதும். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் மடியில் புத்தகத்தை வைத்தேன்.

"உங்க பையன் வரைஞ்சதுங்க அத்தை."

அத்தை கண்ணாடியைப் போட்டார். "இது ஆரு?"

"நான்தான்னு நெனச்சேனுங்க. இல்லைன்னு அவரே சத்தியம் பண்ணிட்டாருங்க."

அத்தை தன் நைட்டியைப் பார்த்தார். தன் செயினில் தொங்கின பின்னைத் தொட்டார். எங்கள் ஊட்டில் பொம்பளை ரெண்டே பேர்.

"ஏண்டா, பெத்தவளையாடா வரைஞ்ச?"

"ஐயோ அம்மா, நீயில்ல. அது ஸ்டெபிதான்."

"இப்பத்தான் சத்தியம் பண்ணுனீங்க," என்றேன், தரையைப் பார்த்து.

"பால் கறை இருக்குது பாரும்மா, உனக்கேது..."

"உன்ற புள்ளைக்குக் குடுக்கற பாலுக்கா அம்பு போட்ட? அத்தனையும் அடுப்புல போடு. இல்லீன்னா அதை ஆம்பளையா மாத்து."

எரிக்க அவருக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அவளுக்கு மீசை வைத்தார். நைட்டியை லுங்கியாக்கினார். பால் கறையை டீக் கறை என்று திருத்தினார். எனக்குத்தான் ஆறவில்லை. ஒவ்வொரு மீசைக்குப் பின்னாலும் என் முகம்தான் இருந்தது.

காலையில் பக்கத்து வீட்டு மனுவேல் எங்கள் வாசலிலேயே நின்று படித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடேய் ரொனால்டு, உன்னைய நீயே இப்படி அச்சு அசலா வரைஞ்சிருக்கயே, உனக்குப் பெரிய மனசுடா."